கறுப்புப் பெட்டியைத் திறப்பது யார்?

விமானம் ஒன்று விழுந்து நொறுங்கினால் அடுத்த ஓரிரு நாளில் ‘கறுப்புப் பெட்டி கிடைத்தது’ என்ற தலைப்பு நம் நாளிதழ்களில் வந்துவிடும். படிப்பவருக்கு ஒரு நிம்மதி, இனி உண்மை வெளிவரும் என்று. அதே இதழின் இன்னொரு பக்கத்தில், செயற்கை நுண்ணறிவு எப்படி முடிவெடுக்கிறது என்பது யாருக்கும் விளங்காது, அது ஒரு கறுப்புப் பெட்டி என்று ஒருவர் எழுதியிருப்பார். முதல் பெட்டி எல்லாவற்றையும் சொல்லப்போகிறது. இரண்டாவது எதையுமே சொல்லாது. இரண்டுக்கும் மூலம் ‘பிளாக் பாக்ஸ்’ என்ற ஒரே ஆங்கிலக் கூட்டுப்பெயர். நாம் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, அதனுள் இருந்த முரணையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம். அகராதிக்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டுப் பொருள்களை அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார். அவருடைய வேலை அதோடு முடிந்தது. ஆனால் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஆய்வுக்கூடத்திலும் இந்தச் சொல் இன்று ஒரு வாதமாகவே நிற்கிறது. ‘அது கறுப்புப் பெட்டி’ என்று சொன்னால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை என்று பொருள்படுகிறது. இந்தப் பொருள்கள் எங்கே பிரிந்தன, எங்கே இன்னும் ஒட்டியிருக்கின்றன என்று பார்த்தால், அந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதும் தெரியவரும்.

சொல்லின் அமைப்பிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் பெயரடையும் பெயரும் இணைந்து ஒரே பெயராகிவிட்டதைப் பல வேளைகளில் எழுத்து காட்டாது, உச்சரிப்புதான் காட்டும். கறுப்பாக இருக்கும் ஏதோ ஒரு பெட்டியைச் சொல்லும்போது அழுத்தம் பொதுவாகப் பெட்டியில் விழும். விமானத்தின் பதிவுக் கருவியைச் சொல்லும்போது அது கறுப்பின் மேல் விழும். அழுத்தம் இடம் மாறியதுமே நிறம் கழன்றுபோகிறது. தொல்காப்பியர் தொகைகளை வேற்றுமை, உவமை, வினை, பண்பு, உம்மை, அன்மொழி என ஆறாகப் பகுத்தார். கறுப்புப் பெட்டி என்ற நம் ஆக்கம் வடிவத்தில் பண்புத்தொகை. விரித்தால் கறுப்பான பெட்டி. ஆனால் விமானத்தில் இருப்பது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறப் பெட்டி. கணினி நிரலுக்கோ நிறமும் இல்லை, பெட்டியும் இல்லை. விரித்தால் பொய்யாகிவிடும் தொகை இது. பொற்றொடி என்ற சொல் வளையலை விட்டு அதை அணிந்தவளைக் குறிப்பதுபோல, இங்கும் பொருள் இரு சொற்களுக்கும் வெளியே எங்கோ நிற்கிறது. கறாரான இலக்கணப் புலவர் இதை அன்மொழித்தொகை என்று ஒப்பமாட்டார், அவர் சொல்வது சரியும்கூட. ஆயினும் அந்த வகைப்பாடு ஒரு நல்ல கேள்வியை எழுப்பிவிடுகிறது. வெளியே நிற்கும் அந்தப் பொருள் எது?

சொல்லின் பிறப்பிடம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் விமானப்படை என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. எரிக் பார்ட்ரிட்ஜ் 1945இல் வெளியிட்ட விமானப்படைக் கொச்சை அகராதியில் இது இடம்பெற்றுள்ளது. மேகத்தையும் இருளையும் ஊடுருவிக் குண்டுவீச்சாளருக்கு இலக்கைக் காட்டும் கருவி என்பது அங்கே அதற்குரிய பொருள். ராடார் சார்ந்த அந்தக் கருவிகள் மூடிய உலோகப் பெட்டிகளாக விமானத்துக்குள் வந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்பது ராணுவ ரகசியம். விமானத்தில் செல்பவருக்கு விசைகளும் திரையும் மட்டும் தெரிந்தால் போதும். 1940இல் டிசார்ட் குழுவினர் பிரிட்டனின் ராடார் ரகசியத்தின் உயிர்நாடியான மேக்னட்ரான் குழலை அமெரிக்காவுக்கு எடுத்துச்சென்றதும் ஒரு கறுப்பு உலோகப் பெட்டியில்தான் என்று சொல்லி, சொல்லின் மூலமே அதுதான் என்று கதை கட்டுவோர் உண்டு. பிரான்சில் பிரான்சுவா உசெனோ 1939 வாக்கில் அமைத்த பறப்புப் பதிவுக் கருவி ஒளிப்படச் சுருளில் பதிந்ததால் அதன் உட்புறம் இருட்டாக இருக்கவேண்டியிருந்தது, பெயர் அதனால் வந்தது என்பாரும் உண்டு. சொற்பிறப்புக் கதைகள் கவர்ச்சியாக அமையும்போதுதான் அவற்றைக் கூடுதலாகச் சந்தேகிக்கவேண்டும். விமானப்படை வழக்கு ஒன்றே எழுத்தில் உறுதியாக நிற்கிறது. அந்த வழக்கில் ஏற்கெனவே இரண்டு கூறுகள் கலந்துகிடந்தன என்பதைக் குறித்துக்கொள்ளலாம். ஒன்று, கருவியின் நுட்பம் பயன்படுத்துபவரின் அறிவை மிஞ்சியது. மற்றொன்று, அதை அறிய அவருக்கு அனுமதியில்லை. பின்னால் வந்த குழப்பம் முழுவதற்கும் விதை இங்கேயே விழுந்துவிட்டது.

போருக்குப் பின் சொல் இரண்டு திசைகளில் நடந்தது. முதல் திசை கருத்துலகம். உள்ளே இருப்பதைப் பார்க்காமல் வெளியே தெரிவதைக் கொண்டே ஒரு பொறியை அறிவது என்ற எண்ணம் சொல்லுக்கு முன்பே இருந்தது. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1879இல் ஒரு மணிக்கூண்டைக் கற்பனை செய்தார். மேல்தளத்தில் இருக்கும் இயந்திரம் கண்ணுக்குத் தெரியாது. தரையிலுள்ள துளைகள் வழியாகக் கயிறுகள் மட்டும் தொங்குகின்றன. கயிறுகளை இழுத்துப் பார்த்து, ஒன்றின் அசைவு மற்றவற்றை எப்படி மாற்றுகிறது என்று கணித்தால், மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமலே அந்த அமைப்பின் இயக்க விதிகளை எழுதிவிடலாம். மனநல மருத்துவரும் சைபர்னெட்டிக்ஸ் துறையின் முன்னோடியுமான ராஸ் ஆஷ்பி, 1956இல் வெளிவந்த தம் அறிமுக நூலில் கறுப்புப் பெட்டிக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். மின்பொறியாளருக்குத் தரப்படும் மூடிய பெட்டியில் தொடங்கி, கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறக்கப் பழகும் குழந்தைக்கும் தாழ்ப்பாளின் உட்பொறி கறுப்புப் பெட்டியே என்று அவர் விரித்துச் சென்றார். நார்பர்ட் வீனர் இதற்கு எதிர்ப்பதமாக வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தார், உள்ளமைப்பை நாமே திட்டமிட்டுக் கட்டியது என்ற பொருளில். மென்பொருள் சோதனையாளர்கள் இன்றும் இந்த இணையை அப்படியே வைத்திருக்கிறார்கள். நிரலின் வரிகளைப் பார்க்காமல் உள்ளீட்டையும் வெளியீட்டையும் மட்டும் ஒப்பிட்டால் கறுப்புப் பெட்டிச் சோதனை, வரிகளைப் படித்துச் சோதித்தால் வெள்ளைப் பெட்டிச் சோதனை. ஆஷ்பிக்கோ வீனருக்கோ இந்தச் சொல்லில் குறை கூறும் தொனி துளியும் இல்லை. கறுப்பு என்பது பார்ப்பவர் ஏற்றுக்கொள்ளும் ஒரு நிலை, அறிவதற்கான ஒரு முறை. வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்துகொள்ளலாம்.

இரண்டாவது திசை விமானம். ஆஸ்திரேலிய அறிவியலாளர் டேவிட் வாரன், 1934இல் பாஸ் நீரிணைக்கு மேல் நடந்த விமான விபத்தில் தந்தையை இழந்தவர். மெல்போர்னிலிருந்த வானூர்தி ஆய்வுக்கூடத்தில் எரிபொருள் வேதியியல் அவருடைய வேலை. 1953–54இல் காமெட் ஜெட் விமானங்கள் அடுத்தடுத்து நொறுங்கியபோது காரணத்தை ஆராய்ந்த குழுவில் அவரும் இருந்தார். கடைசி நிமிடங்களில் விமானியறையில் பேசப்பட்டதும் கருவிகள் காட்டியதும் பதிவாகியிருந்தால் இவ்வளவு ஊகம் எதற்கு என்பது அவருடைய கேள்வி. 1954இல் குறிப்பொன்று எழுதினார். சில ஆண்டுகளில், மெல்லிய எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சையும் கருவி அளவுகளையும் பதியும் ஒரு மாதிரியைச் செய்துகாட்டினார். சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. விமானிகள் சங்கம் இதை ஒட்டுக்கேட்கும் உளவாளி என்றது. இதில் விளக்கத்தைவிட வசவுதான் அதிகம் பதிவாகும் என்பது ஆஸ்திரேலிய விமானப்படையின் கருத்து. 1958இல் ஆய்வுக்கூடத்துக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் கருவியைக் கண்டு வியந்த பிறகே அது லண்டன் சென்றது, அங்கே தயாரிப்பும் தொடங்கியது. 1960இல் குயின்ஸ்லாந்தின் மெக்கே நகரருகே ஒரு ஃபோக்கர் விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்தார்கள். காரணம் கடைசிவரை துலங்காத அந்த விபத்துக்குப் பின்னர்தான் ஆஸ்திரேலியா இத்தகைய பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கியது. வாரன் 2010இல் இறந்தார். பறப்புப் பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தவர், திறக்கவேண்டாம் என்ற வாசகம் அவருடைய சவப்பெட்டியில் எழுதப்பட்டிருந்தது. கண்டுபிடித்தவரின் குடும்பத்துக்கே உரிய நகைச்சுவை அது. கருவியின் இயல்பையும் அது பிசகாமல் சொல்லிவிடுகிறது.

இந்தக் கருவிக்குக் கறுப்புப் பெட்டி என்று பெயர் வந்ததற்கு எளிய விளக்கம், விமானப்படையின் பழைய கொச்சைச் சொல் விமானத்துக்குள் இருக்கும் எந்த மின்னணுப் பெட்டிக்கும் பொதுப்பெயராகிவிட்டது என்பதுதான். அதை மறுக்கக் காரணமில்லை. ஆனால் கொச்சைச் சொற்கள் ஆயிரம் பிறந்து மடிகின்றன. துறையினர் யாரும் அலுவல்முறையில் பயன்படுத்தாத, நிறத்தையும் தவறாகச் சொல்லும் ஒரு பெயர், ஆரஞ்சு வண்ணத்தை விதியாகவே எழுதிவைத்த பிறகும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது? அந்தப் பெட்டி யாருக்கு மூடியது, யாருக்குத் திறந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். பறக்கும்போது விமானியால் அதைப் படிக்க முடியாது. விபத்துக்குப் பிறகு விமான நிறுவனம் தானாக அதைத் திறந்துபார்க்கக் கூடாது. பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆவது இணைப்பின்படி விசாரணையை நடத்துவதும் பதிவுகளைக் கையாள்வதும் அதற்கென அமைந்த அரசு விசாரணை அமைப்பு. அந்த விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. பழியை யார்மேலும் சுமத்துவது அதன் வேலையல்ல. விமானியறை ஒலிப்பதிவைப் பொதுவெளியில் விடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்கச் சட்டம் ஒலியை வெளியிடவே தடைவிதித்து, தேவையான பகுதிகளின் எழுத்துப் படியை மட்டும் அனுமதிக்கிறது. வாரனை எதிர்த்த விமானிகளின் அச்சத்துக்குச் சட்டம் தந்த பதில் இது. ஆக, பறப்பவருக்கும் நிறுவனத்துக்கும் செய்தித்தாளுக்கும் அது கறுப்பு. ஓர் அமைப்புக்கு மட்டும், சில நிபந்தனைகளோடு, திறந்தது. ஆஷ்பியின் பெட்டியில் கறுப்பு என்பது பார்ப்பவரின் நிலை. வாரனின் பெட்டியில் பார்ப்பவர்களுக்கிடையே உரிமையைப் பங்கிடும் ஏற்பாடு. இரண்டிலும் கறுப்பு பெட்டியின் குணமாக இல்லை. பெட்டிக்கும் ஆளுக்கும் உள்ள உறவாக இருக்கிறது. சொற்களுக்கு வெளியே நிற்கும் பொருள் அதுதான்.

எல்லாக் கறுப்புப் பெட்டிகளும் இந்தக் குடும்பத்தில் சேராது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சில மருந்துகளின் விவரத்தாளில் மிகக் கடுமையான எச்சரிக்கையைத் தடித்த கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடச் சொல்கிறது. மனச்சோர்வு மருந்துகள் சிறுவர்களிடம் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்ற எச்சரிக்கைக்கு 2004இல் அப்படிக் கட்டம் கட்டினார்கள். மருத்துவர்கள் அதையும் கறுப்புப் பெட்டி என்றே அழைக்கிறார்கள். அங்கே பெட்டி என்றால் தாளில் வரைந்த நான்கு கோடு, கறுப்பு என்றால் மை. மறைப்பதற்கு நேர் எதிரான வேலை. நாடகத் துறையிலும் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. சுவர்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி, மேடையையும் இருக்கைகளையும் வேண்டியபடி மாற்றி அமைத்துக்கொள்ளும் எளிய அரங்கு அது. இவை இரண்டிலும் சொல் விரித்தபடியே பொருள் தருகிறது. ஒலியால் உறவு, பொருளால் அயல். சொல்லின் பொருள்கள் அனைத்தையும் ஒரே சரட்டில் கோத்துவிடும் ஆசை இந்த வகை ஆய்வுகளைக் கெடுப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

குடும்பத்துக்குள் வரும் மூன்றாவது உறுப்பினர் சமூக அறிவியலிலிருந்து வருகிறார். புரூனோ லத்தூர் 1987இல் எழுதிய நூலில், ஓர் அறிவியல் முடிவோ இயந்திரமோ வெற்றியடைந்ததும் கறுப்புப் பெட்டியாகிவிடுகிறது என்றார். சர்ச்சையெல்லாம் ஓய்ந்து, எல்லோரும் அதை நம்பிப் பயன்படுத்தத் தொடங்கியதும், அது எப்படி உருவானது என்ற கேள்வியே மறைந்துவிடும். இதில் யாரும் எதையும் ஒளிக்கவில்லை, சிக்கலும் பெரிதில்லை. கேட்கத் தேவையில்லாமல் போனதால் வந்த கறுப்பு. தொற்றுநோயியலிலும் இந்தச் சொல் உண்டு. மெர்வின் சசரும் எஸ்ரா சசரும் 1996இல் அந்தத் துறையின் வரலாற்றைக் காலகட்டங்களாகப் பிரித்தபோது, காரணத்தையும் விளைவையும் இணைத்துவிட்டு இடையிலுள்ள உடலியல் வழியை அறியாமலே செயல்பட்ட காலத்தைக் கறுப்புப் பெட்டிக் காலம் என்றார்கள். ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபர்ட் ஹில்லும் 1950இல் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியபோது, செல்லுக்குள் நடப்பது யாருக்கும் விரிவாகத் தெரியாது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு, 1854இல், ஜான் ஸ்னோ லண்டன் பிராட் தெருவின் நீர்க்குழாயைக் காலராவோடு இணைத்தபோதும் கதை அதேதான். அந்தக் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் தனியே வளர்த்துக்காட்ட 1884 ஆகிவிட்டது. உள்ளே தெரியாமலே உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இவை வலுவான சான்றுகள். கறுப்புப் பெட்டி என்றாலே பழிச்சொல் என்று கொள்பவர்கள் இவற்றைக் கணக்கில் எடுக்கவேண்டும்.

இத்தனையும் செயற்கை நுண்ணறிவு பற்றிய இன்றைய விவாதத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஃபிராங்க் பாஸ்குவேல் 2015இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே கறுப்புப் பெட்டி இருக்கிறது. பதிவுக் கருவி, புரியாத பொறி என்ற இரட்டைப் பொருளை அவரே தொடக்கத்தில் சுட்டியிருக்கிறார். ஜென்னா பரல் 2016இல் நிரல்களின் ஒளிபுகாத் தன்மையை மூன்றாகப் பிரித்தார். நிறுவனம் மறைப்பது, படிக்கும் பயிற்சி நம்மிடம் இல்லாதது, அளவாலும் அமைப்பாலும் மனித அறிவுக்கு எட்டாதது. இந்தப் பிரிப்பு மிகவும் பயனுள்ளது. ஆனால் ஒரே சொல் மூன்றையும் மூடிக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்பதைத் தனியே பார்க்கவேண்டும். முதலாவது வகை மூன்றாவதின் மரியாதையைக் கடன் வாங்கிக்கொள்கிறது. அதாவது, சொல்ல விரும்பாதவர் சொல்ல இயலாதவராக வேடம் போட முடிகிறது.

நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிடைக்கிறது. குற்றம்சாட்டப்பட்ட ஒருவர் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பெண் தரும் காம்பஸ் என்ற மென்பொருள் அங்கே நீதிமன்றங்களில் பயன்பட்டது. தமக்குத் தண்டனை விதிக்க உதவிய மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று அறிய முடியாதது நியாயமான நடைமுறைக்கு எதிரானது என ஒருவர் வழக்காடினார். மாநில உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் குறைகளைப் பட்டியலிடும் எச்சரிக்கை அறிக்கையோடு சேர்ந்திருக்கவேண்டும். கணக்கிடும் முறை வணிக ரகசியம் என்பதால் வெளியிடப்படவில்லை என்ற தகவலும் அந்த எச்சரிக்கைகளில் ஒன்று. மறைத்தலை ஒப்புக்கொண்டு அதன்மேல் ஓர் எச்சரிக்கைத் தாளை ஒட்டியாயிற்று. இங்கே கறுப்புக்குக் காரணம் கணிதத்தின் ஆழமல்ல, ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு. 2018இல் ஜூலியா டிரெசலும் ஹானி ஃபாரிதும் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. காம்பஸ் 137 கேள்விகள் கொண்ட வினாநிரலோடு வருவது. வயது, முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை என்ற இரண்டே விவரங்களைக் கொண்டு கட்டிய எளிய கணிப்பு ஏறக்குறைய அதே துல்லியத்தை, அதாவது 65 சதவீத அளவை, எட்டியது. அந்த 137இல் மிகச் சிலவே கணிப்பில் சேர்கின்றன என்று நிறுவனம் பதில் சொன்னது. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எத்தனை விவரங்கள் சேர்கின்றன என்பதைக்கூட வெளியிலிருந்து சரிபார்க்க முடியவில்லை. சிந்தியா ரூடின் 2019இல் வைத்த வாதமும் இதையொட்டியதே. உயிரையும் உரிமையையும் தொடும் முடிவுகளில் கறுப்புப் பெட்டியைக் கட்டிவிட்டு அதற்கு விளக்கம் தேடுவதைவிட, தொடக்கத்திலேயே படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மாதிரியைக் கட்டலாம்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. இன்றைய பெரிய நரம்பு வலையமைப்புகளில் பலவற்றை யாரும் மறைக்கவில்லை. எடைகள் எனப்படும் எண்கள் அத்தனையும் பதிவிறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. கோடிக்கணக்கான அந்த எண்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், இந்தக் கேள்விக்கு இந்த விடை ஏன் வந்தது என்று சொல்வது கடினம். படத்தை அடையாளம் காணவும் மொழியைக் கையாளவும் இரண்டு விவரங்களில் அடங்கும் எளிய மாற்று ஏதும் இல்லை. இங்கே பெட்டி திறந்தே கிடக்கிறது, ஆனாலும் இருட்டு. கறுப்பு என்பது பெட்டிக்கும் ஆளுக்கும் உள்ள உறவு என்ற வாதம் இங்கே உடைந்துபோகிறதா? பாதி உடைகிறது என்று ஒப்புக்கொள்ளவேண்டும். உரிமையைப் பற்றிய கேள்வி இந்த இருட்டை விளக்காது. ஆனால் அந்த வலையமைப்பைக் கொண்டுபோய்க் கடன் மறுக்கும் மேசையிலும் பிணை மறுக்கும் மேசையிலும் உட்காரவைப்பது இயற்கை நிகழ்வல்ல. அது ஒருவர் எடுக்கும் முடிவு. எந்த எடுத்துக்காட்டுகளைக் கொண்டு பயிற்சி தந்தார்கள், எங்கெல்லாம் தவறுகிறது என்று சோதித்தார்களா, சோதித்தவர் யார் என்ற விவரங்கள் மனித அறிவுக்கு எட்டாதவையும் அல்ல. அவை ஆவணங்களில் இருக்கின்றன. உண்மையான இருட்டைச் சுற்றிலும், போட்டால் எரியக்கூடிய விளக்குகள் பல அணைந்துகிடக்கின்றன; அவற்றையும் சேர்த்து ஒரே சொல்லால் சுட்டுவதே சிக்கல்.

இன்னொரு மறுப்பு மருத்துவத்திலிருந்து எழும். ஆஸ்பிரின் 1899இல் விற்பனைக்கு வந்தது. அது உடலில் எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் விளக்கியது 1971இல். இடைப்பட்ட எழுபது ஆண்டுகள் உலகமே ஒரு கறுப்புப் பெட்டியை விழுங்கிக்கொண்டிருந்தது, யாரும் வழக்குப் போடவில்லை. மருந்துக்குக் கேட்காத விளக்கத்தை நிரலுக்கு மட்டும் கேட்பது ஓரவஞ்சனை அல்லவா? கேள்வி நியாயமானதே. ஸ்னோவையும் டாலையும் பாராட்டிவிட்டு இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. மாத்திரையின் உள்வேலை தெரியாவிட்டாலும் அதன் விளைவை யாரும் எங்கும் மீண்டும் சோதிக்கலாம். ஒரு மாத்திரையும் இன்னொரு மாத்திரையும் ஒன்றுபோலிருக்கும். பக்கவிளைவு தெரிந்தால் மருத்துவர் எழுதி அனுப்ப வழி உண்டு, நோயாளி வேண்டாம் என்று சொல்லலாம். ஆஷ்பியின் கருத்தில் கறுப்புப் பெட்டி அறிவைத் தருவது உள்ளீட்டை மாற்றி மாற்றிக் கொடுத்து வெளியீட்டைக் கவனிக்கும் சுதந்திரம் பார்ப்பவருக்கு இருக்கும்போதுதான். தண்டனை மதிப்பெண்ணைப் பெற்றவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவர் ஒரேயொரு உள்ளீடு. கயிற்றை இழுத்துப் பார்ப்பவர் வேறொருவர்.

பதிவுப் பெட்டியைத் திறந்துவிட்டாலாவது உண்மை தானாகப் பேசுமா என்பதும் கேட்கத்தக்கது. ஏர் பிரான்ஸ் 447 விமானம் 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து பதிவுக் கருவிகளை மீட்க 2011 மே ஆனது. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்ததும், தானியங்கி விலகியதும், விமானத்தின் மூக்கு தொடர்ந்து மேல்நோக்கி இழுக்கப்பட்டதும் துல்லியமாகத் தெரியவந்தன. ஆனால் விமானத்தை இயக்கிக்கொண்டிருந்தவர் வலப்புற இருக்கையில் இருந்தார். அவருக்கு முன்னிருந்த திரை காட்டிய வேகம் பதிவாகும் அளவுகளில் ஒன்றாக இல்லை. அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பது ஊகமாகவே நின்றது. விமானியறைக் கருவிகளைப் படமாகவும் பதியவேண்டும் என்று பிரெஞ்சு விசாரணை அமைப்பு பரிந்துரைத்தது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா 171 இன்னும் அண்மைய சான்று. இரு எஞ்சின்களின் எரிபொருள் விசைகளும் ஒரு விநாடி இடைவெளியில் நிறுத்தும் நிலைக்குச் சென்றதை முதற்கட்ட அறிக்கை சொன்னது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதையும் அது குறிப்பிட்டது. எந்தக் குரல் யாருடையது என்று அறிக்கை சொல்லவில்லை, உரையாடலின் முழுப் படியையும் தரவில்லை. பெட்டியில் இருப்பது, எதைப் பதியவேண்டும் என்று முன்கூட்டி முடிவுசெய்தவர்கள் விட்டுச்சென்ற தடம். எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதும் அத்தகைய முடிவே. 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானமொன்றின் கதவடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனபோது, விமானியறை ஒலிப்பதிவு இரண்டு மணி நேரச் சுழற்சியில் அழிந்துபோயிருந்தது. அந்த அளவை 25 மணி நேரமாக உயர்த்த ஐரோப்பா முன்பே விதி செய்திருந்தது, அமெரிக்கா அதே ஆண்டில் சட்டம் இயற்றியது.

விமானத்தின் பெட்டியும் ஆஷ்பியின் பெட்டியும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. ஆலன் வின்ஃபீல்டும் மரினா ஜிரோட்காவும் 2017இல், ஒவ்வொரு ரோபோவும் தன் உணரிகளின் அளவுகளையும் தான் எடுத்த முடிவுகளையும் பதியும் ஒரு கருவியைச் சுமக்கவேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயரிலும் கறுப்புப் பெட்டி இருக்கிறது. புரியாத பெட்டிக்குள் பதியும் பெட்டி. 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்து பிரிவுபிரிவாக அமலாகும் ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆபத்து மிகுந்தவை என வகைப்படுத்திய அமைப்புகளுக்கு இதையே விதியாக்குகிறது. அமைப்பு இயங்கும் காலம் முழுவதும் நிகழ்வுகள் தானாகப் பதிவாகும்படி அதை வடிவமைக்கவேண்டும். முடிவு ஏன் வந்தது என்று விளங்காவிட்டாலும், எந்த உள்ளீட்டுக்கு எப்போது என்ன வெளியீடு வந்தது என்பது மிஞ்சும். ஆனால் வாரனின் பெட்டியைச் சுற்றி எழுந்த ஏற்பாட்டின் பாதியே இங்கே வந்திருக்கிறது. விபத்துக்குப் பின் விமானப் பதிவுக் கருவி நிறுவனத்தின் கையைவிட்டுப் போய்விடும். செயற்கை நுண்ணறிவின் பதிவேடுகளோ, தயாரித்தவரிடமும் பயன்படுத்துபவரிடமும் குறைந்தது ஆறு மாதம் இருக்கவேண்டும் என்பதே விதி. அதிகாரிகள் கேட்டால் காட்டவேண்டும், கேட்கும்வரை அவை நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும். என்ன நடந்தது என்று அறிய அடுத்த விமானத்தில் ஏறிச் செல்லும் விசாரணையாளர் போல, ஒரு மதிப்பெண்ணால் வேலையோ கடனோ மறுக்கப்பட்ட நாளில் அந்தப் பதிவேட்டைத் தானாகத் தேடிப்போகும் தனி அமைப்பு எதையும் அந்தச் சட்டம் உருவாக்கவில்லை.